உலைக்குத் தப்பிய வெள்ளி டாலர்கள்: வாசகர் கேள்வி பதில்

நாணயச் சேகரிப்பு பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்கும் இப்பகுதிக்குச் சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயங்களைப் பற்றியவையாக இருந்தமையால், இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். "என்ன விலை போகும்?" என்று மட்டும் கேட்டிருந்த கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டேன். நாணயத்தைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்பவரை நம்பாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அதையே நான் செய்வது முறையாகாது.

என் கணவரின் பாட்டனார் பினாங்கில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் 1877ஆம் ஆண்டுக்குரிய பெரிய வெள்ளிக் காசு ஒன்று கிடைத்தது. ஒரு பெண் மூட்டைகளின் மேல் அமர்ந்து கடலைப் பார்த்திருக்கிறாள், மறுபக்கம் கழுகு. ஆனால் காசு முழுவதும் சீன எழுத்துகளைக் குத்திக் கெடுத்திருக்கிறார்கள். இதற்கு மதிப்பு உண்டா?
(ஒரு வாசகி, காரைக்குடி)

உங்களிடம் இருப்பது ட்ரேட் டாலர் எனப்படும் வணிக டாலர். கழுகின் அடியில் 420 கிரெயின், 900 மாற்று என்னும் பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். கிரெயின் என்பது பழைய ஆங்கில எடை அளவு; 900 மாற்று என்றால் ஆயிரத்தில் 900 பங்கு தூய வெள்ளி. அமெரிக்கர் தங்கள் நாட்டுப் புழக்கத்தை விடச் சீன வணிகத்தையே மனத்தில் வைத்து 1873இல் வெளியிட்ட நாணயம் இது. அக்காலத்தில் சீனத் துறைமுகங்களில் மெக்சிகோ டாலருக்கே செல்வாக்கு இருந்தது. சாதாரண அமெரிக்க டாலரின் எடையோ 412.5 கிரெயின்தான். எனவே அதைவிடக் கனமாக, எடையையும் மாற்றையும் நாணயத்தின் மேலேயே எழுதி, ஏழு கடல் தாண்டி அனுப்பினார்கள். பினாங்கு, சிங்கப்பூர்ச் சந்தைகளிலும் அது மெக்சிகோ டாலரோடு சேர்ந்து புழங்கியது. உங்கள் குடும்பப் பெட்டிக்கு அது வந்து சேர்ந்ததில் வியப்பில்லை.

காசைக் கெடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் குத்துகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு டாலர் கைக்கு வந்ததும் சீன வணிகர் அதைத் தட்டிப் பார்த்து, நிறுத்துப் பார்த்து, வெள்ளி சரிதான் என்று தெரிந்த பின் தம் கடைக் குறியைச் சிறிய அச்சால் குத்திவிடுவார். மறுமுறை அதே நாணயம் அவரிடம் வந்தால் அவரே அதற்குப் பொறுப்பு. ஆங்கிலத்தில் இதைச் 'சாப்' என்பார்கள். முத்திரையைக் குறிக்கும் இந்திச் சொல்லிலிருந்து போனது அது. நம் பக்கத்தில் 'சாப்பா குத்துவது' என்று வழங்கிய சொல்லும் அதன் உறவுதான்.

இனி, அந்தக் குத்துகள் உங்கள் நாணயத்துக்கு என்ன செய்தன என்பதைப் பாருங்கள். வெள்ளியின் விலை சரியத் தொடங்கியதும், 1876இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த நாணயத்துக்கு உள்நாட்டில் இருந்த செல்லுபடித் தகுதியைப் பறித்தது. சில முதலாளிகள் அதை மலிவாக வாங்கித் தொழிலாளர் சம்பள உறைக்குள் ஒரு முழு டாலராகப் போட்டுக் கொடுத்தார்கள் என்பது அந்நாளைய அவப்பெயர். கூக்குரல் பெருகவே, 1887இல் அரசு இவற்றைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வந்து, எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களைப் பெற்று உருக்கி வேறு நாணயங்களாக அடித்தது. ஆனால் முத்திரை குத்தப்பட்டவற்றைத் தொடமாட்டோம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். உங்கள் பாட்டனார் காசு உலைக்குத் தப்பியதில் அந்தச் சீனக் கடைக்காரர்களுக்கும் பங்குண்டு. ஒரு காலத்தில் குத்து விழுந்த நாணயத்தைச் சேகரிப்பவர்கள் ஒதுக்கினார்கள். இன்று அவற்றை மட்டுமே தேடுபவர்கள் இருக்கிறார்கள், தரச் சான்று நிறுவனங்களும் குறிப்பெழுதி ஏற்றுக்கொள்கின்றன. 1877இல் சான் பிரான்சிஸ்கோவில் மட்டும் 95 லட்சம் வணிக டாலர் அடித்தார்கள். கழுகின் கீழ் எஸ் என்ற எழுத்து இருந்தால் உங்களுடையது அவற்றுள் ஒன்று. அரிய ஆண்டு அல்ல, ஆனால் மரியாதைக்குரிய காசு.

அது உண்மையான நாணயமாக இருக்கும் வரையில்தான் இதெல்லாம். வணிக டாலரைப் போலப் போலி அடிக்கப்படும் அமெரிக்க நாணயம் அரிது. 1873க்கு முந்திய ஆண்டு பொறித்திருந்தால் மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம். மற்றவற்றுக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசில் நாணயத்தை நிறுங்கள், 27.22 கிராம் இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் சற்றே குறையும். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கங்களையும் தொடாதபடி நீருக்குள் முழுவதுமாகத் தொங்கவிடுங்கள். தராசு 2.63க்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் பத்தே காலுக்கும் பத்தரைக்கும் இடையில் வருவதே 900 மாற்று வெள்ளி. ஏழு, எட்டு என்று வந்தால் அது வெள்ளி முலாம் பூசிய வேறு உலோகம். நாணயத்தை எடுத்து மெல்லிய துணியில் ஒற்றி உலர்த்துங்கள், துடைக்க வேண்டாம். ஏன் என்பதைத் திருச்சி வாசகருக்கு எழுதியிருக்கிறேன்.

நூறாண்டு பழமையான மோர்கன் டாலர் ஒன்றைத் திருநீறு தொட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி எடுத்துக்கொண்டு போனேன். நாணய வணிகர் கையில் வாங்கிய கணமே திருப்பித் தந்துவிட்டார். சுத்தம் செய்தது குற்றமா?
(ஒரு வாசகர், திருச்சிராப்பள்ளி)

குத்துவிளக்கையும் பஞ்சபாத்திரத்தையும் திருநீற்றாலும் புளியாலும் துலக்கிப் பழகிய கை நம்முடையது. அழுக்கான வெள்ளியைக் கண்டால் சும்மா இராது. குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நட்டம் நட்டம்தான்.

அச்சுகளின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒரு கணம் கூழைப் போல நகர்கிறது. அந்த நகர்வு விட்டுச்செல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண் வரிகள்தான் புது நாணயத்தின் மெருகு. விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துச் சுற்றினால், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஒளிக் கற்றைகள் அதன் மேல் சுழலும். திருநீறானாலும் பற்பொடியானாலும் தூள் தூள்தான். அது அந்த வரிகளை அறுத்துவிடும். தேய்த்த நாணயம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வெளுப்பாக மின்னும்; பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரே பக்கமாக ஓடும் கீறல்கள் தெரியும். வணிகர் ஒரு கணத்தில் கண்டது இதைத்தான். போன மெருகை மீட்கும் வழி எதுவும் இல்லை.

மேலே படிந்த கருமையும் பழுப்பும் நீலமும் காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உண்டாக்கிய படலம். அது அழகாகப் படிந்திருந்தால் கூடுதல் விலை கொடுப்பவர்களும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கோ, மலிவான பிளாஸ்டிக் உறையிலிருந்து இறங்கிய பச்சைப் பிசினோ இருந்தால் மட்டும் தூய அசிட்டோனில் சற்று நேரம் ஊறவைத்து எடுக்கலாம். அது வெள்ளியைத் தொடாது. அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். நாணயங்களை ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவைக்க வேண்டாம், ரப்பரில் கந்தகம் உண்டு. பூசையறையில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவது பக்திக்கு உகந்தது, வெள்ளிக்கு அல்ல. அதற்கென்று ஒரு சாதாரணக் காசை ஒதுக்கிவிடுங்கள்.

நியூ ஜெர்சியில் பணிபுரிகிறேன். மோர்கன் டாலரில் தொடங்கச் சொல்கிறார்கள். எந்த ஆண்டில் எத்தனை அடித்தார்கள் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு, குறைவாக அடிக்கப்பட்டவற்றை மட்டும் வாங்கினால் போதாதா?
(ஒரு வாசகர், எடிசன்)

போதாது. அந்தப் பட்டியலை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர். எத்தனை அடித்தார்கள் என்பதைவிட எத்தனை மிஞ்சின, எந்த நிலையில் மிஞ்சின என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. மோர்கன் டாலரில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகம்.

1878இல் பிளாண்ட் அலிசன் சட்டம் வந்தது. நெவாடா முதலிய மேற்கு மாநிலங்களின் சுரங்கங்களிலிருந்து பெருகிய வெள்ளியை மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புக்கு அரசு வாங்கி நாணயமாக அடிக்க வேண்டும் என்றது அச்சட்டம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து வந்த செதுக்குநர் ஜார்ஜ் மோர்கன் வரைந்த டாலர் அப்படிப் பிறந்தது. அதிலுள்ள சுதந்திர தேவியின் முகத்துக்கு மாதிரியாக அமர்ந்தவர் அன்னா வில்லியம்ஸ் என்ற பிலடெல்பியா ஆசிரியை. கழுகின் வாலில் முதலில் எட்டு இறகுகள் இருந்தன. சில வாரங்களிலேயே அதை ஏழாக மாற்றினார்கள். 1878 என்று பொறித்த டாலர் கையில் கிடைத்தால் விலை கேட்குமுன் இறகை எண்ணுங்கள்.

26.73 கிராம் எடையுள்ள இந்தக் காசைச் சட்டைப் பையில் சுமந்து திரிய மக்கள் விரும்பவில்லை. அதற்கு ஈடான காகிதச் சான்றையே வாங்கிக்கொண்டார்கள். எனவே கோடிக்கணக்கான டாலர்கள், பைக்கு ஆயிரமாக, துணிப்பைகளில் கருவூல நிலவறைகளுக்குப் போய்ப் படுத்துவிட்டன. புழங்காத மோர்கன் டாலரில்கூடத் தேவியின் கன்னத்தில் சிறு வெட்டுகள் இருப்பதற்கு இதுவே காரணம். பையைத் தூக்கிப் போடும்போது ஒரு காசின் விளிம்பு மற்றதன் முகத்தில் பதிந்த தழும்பு அது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். கார்சன் சிட்டி நாணயச்சாலையின் சிசி என்ற குறி அரிதானது என்று எல்லாரும் சொல்வார்கள். 1884இல் அங்கு அடித்தவை 11,36,000 மட்டுமே. ஆனால் அவற்றில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்டவை பை பிரிக்கப்படாமல் நிலவறையிலேயே கிடந்து, 1972இல் தொடங்கிய அரசு விற்பனையில் புத்தம் புதிதாக வெளியே வந்தன. அதே 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவை 32 லட்சம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அவை கடைகளிலும் சூதாட்ட மேசைகளிலும் உருண்டு தேய்ந்தன. தேய்ந்த நிலையில் எவரும் வாங்கலாம், புழங்காத ஒன்றை வாங்க வீட்டை அடகு வைக்க வேண்டும்.

1903ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் டாலரின் கதை இன்னும் கடுமையானது. ஓ என்ற எழுத்துத் தாங்கிய அந்த டாலரைப் புழங்காத நிலையில் கண்டவர்கள் மிகச் சிலரே. ஆயிரம் டாலருக்கு மேல் விலை எழுதி வைத்திருந்தார்கள். 1962 நவம்பரில், கிறிஸ்துமசுக்கு முன் வழக்கமாகக் கொடுக்கும் வெள்ளி டாலர்களுக்காகப் பிலடெல்பியாவில் நெடுநாள் மூடிக் கிடந்த ஒரு நிலவறையைத் திறந்தபோது, அவை பை பையாக வெளிவந்தன. விலை தலைகுப்புற விழுந்தது. வங்கிகளின் முன் வரிசைகள் நீண்டன. 1964 மார்ச்சில் கருவூலம் வெள்ளி டாலர் கொடுப்பதையே நிறுத்தும்படி ஆயிற்று. நெவாடாவின் ரீனோ நகரில் 1974இல் இறந்த லவேர் ரெட்ஃபீல்ட் என்ற செல்வரின் வீட்டிலிருந்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை எடுத்தார்கள் என்றால், அரிது என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடங்குபவருக்கு என் யோசனை: ஆண்டுகளை விட்டுவிட்டு வகைகளைச் சேருங்கள். ஒரு மோர்கன், 'பீஸ்' எனப்படும் அமைதி டாலர் ஒன்று, அமர்ந்த தேவியின் அரை டாலர், செதுக்குநர் பார்பர் வரைந்த கால் டாலர், 'மெர்குரி டைம்' எனப்படும் பத்து சென்ட் காசு என்று வகைக்கு ஒன்றாக, கண்ணுக்குப் பிடித்த, தேய்க்கப்படாத காசை வாங்குங்கள். 1853இல் வெள்ளி விலை ஏறியதால் அரை டாலரின் எடையை 13.36 கிராமிலிருந்து 12.44க்குக் குறைத்து, அதற்கு அடையாளமாக ஆண்டின் இருபுறமும் அம்பு முனைகளைப் பொறித்தார்கள் என்பது போன்ற செய்திகள் அப்போது தாமாகவே வந்து சேரும். ஆண்டு வரிசையாக மோர்கன் சேர்க்கப் புறப்பட்டால் ஒருநாள் 1893 எஸ் என்ற சுவரில் முட்டிக்கொள்வீர்கள். ஒரு லட்சம் மட்டுமே அடிக்கப்பட்டது அது. பிலடெல்பியாவில் அடித்த 1893இன் மேல் எஸ் எழுத்தை ஒட்டி விற்பவர்கள் ஏராளம். உண்மையானவை அனைத்தும் ஒரே தலையச்சிலிருந்து வந்தவை. தேவியின் தலைப்பட்டையில் உள்ள லிபர்ட்டி (LIBERTY) என்ற ஆங்கிலச் சொல்லின் ஈற்றயல் எழுத்தின் (T) மேற்பகுதியில், குறுக்கே சாய்ந்த ஒரு மெல்லிய மேட்டுக் கோடு தெரியும். அந்தக் கோடு இல்லாவிட்டால் பணப்பையை மூடிவிடலாம்.

அமெரிக்க டாலர்களை உருக்கி நம் ஊர் ரூபாய் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டேன். கட்டுக்கதையா?
(ஒரு மாணவர், தங்கசாலை, சென்னை)

கட்டுக்கதை அல்ல. தங்கசாலையில் குடியிருக்கும் ஒருவர் இதைக் கேட்டது எனக்கு இரட்டை மகிழ்ச்சி.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பிரிட்டன் வாங்கிய சரக்குகளுக்கு ரூபாயில் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. வெள்ளியின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. கையில் நோட்டு வைத்திருந்தவர்கள் அதை வெள்ளி ரூபாயாக மாற்றிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். 1917 நவம்பரில் ஒரு ரூபாய்க்கே காகித நோட்டு வெளியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. கேட்டவர்களுக்கு வெள்ளி கொடுக்க முடியாமல் போனால் அரசாங்கத்தின் நாணயமே போய்விடும் என்று பிரிட்டன் அஞ்சியது. அமெரிக்காவின் நிலவறைகளில் தூங்கிய டாலர்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

நெவாடா செனட்டர் கீ பிட்மனின் பெயரால் வழங்கும் சட்டம் 1918 ஏப்ரல் 23இல் நிறைவேறியது. அதன்கீழ் உருக்கப்பட்ட டாலர்கள் 27,02,32,722. அதில் 25,91,21,554 டாலர்களின் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. அதுவரை அடித்திருந்த மோர்கன் டாலர்களில் கிட்டத்தட்டப் பாதி அப்படிப் போயிற்று. ஒரு டாலரில் 371.25 கிரெயின் தூய வெள்ளி. அன்றைய நம் ரூபாயில் 165 கிரெயின். வகுத்துப் பாருங்கள், ஒரு டாலரை உருக்கினால் மிச்சம் மீதியில்லாமல் இரண்டே கால் ரூபாய் வரும்.

எந்த ஆண்டு, எந்த நாணயச்சாலை டாலர்கள் உலைக்குப் போயின என்று எவரும் எழுதி வைக்கவில்லை. அடித்த எண்ணிக்கைப் பட்டியலை நம்பாதீர்கள் என்று எடிசன் வாசகருக்கு எழுதியதற்குப் பெரிய காரணம் இதுவே. உருக்கிய அளவுக்கு அமெரிக்கச் சுரங்க வெள்ளியை வாங்கி மீண்டும் டாலர் அடிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டம் கூறியதால், 1904இல் நின்றுபோன மோர்கன் டாலர் 1921இல் திரும்பி வந்தது. பழைய அச்சு மூலங்கள் அழிக்கப்பட்டிருந்தமையால் மோர்கன் புதிதாகச் செய்தார். மேடு தணிந்த, சற்றே தட்டையான முகம் அது. அந்த ஓராண்டில் மட்டும் எட்டு கோடிக்கு மேல் அடித்தார்கள். 'நூறாண்டு பழைய அபூர்வ டாலர்' என்று இணையத்தில் விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த 1921தான்.

கண்காட்சி ஒன்றில் 1804 டாலர் 2,000 ரூபாய்க்குக் கிடைத்தது. கோடிக்கணக்கில் மதிப்புடையது என்கிறார்களே?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

நகல். இதைச் சொல்ல நாணயத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை. 1804 டாலர்கள் பதினைந்து என்றே நெடுங்காலம் எண்ணிக் கணக்கு வைத்திருந்தார்கள், அவை ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின என்பது எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் கதை கேட்கத் தக்கது. 1804இல் பிலடெல்பியாவில் டாலர் அடித்தார்கள், ஆனால் பழைய அச்சுகளைக் கொண்டு அடித்ததால் அவற்றில் முந்திய ஆண்டுகளே இருந்தன. பிறகு டாலர் அடிப்பதே நின்றுபோயிற்று. முப்பது ஆண்டு கழித்து, மஸ்கட் சுல்தானுக்கும் சியாம் அரசருக்கும் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் வழியாகப் பரிசளிக்க நாணயத் தொகுதி ஒன்று வேண்டும் என்று அரசு கேட்டது. டாலர் கடைசியாக அடிக்கப்பட்ட ஆண்டு எது என்று ஏட்டைப் புரட்டிய அதிகாரிகள் 1804 என்று கண்டு, அதே ஆண்டைப் பொறித்துப் புதிதாக அச்சு வெட்டினார்கள். 1804இல் இல்லாத 1804 டாலர் அவ்வாறு 1834இல் பிறந்தது. அந்த வகையில் எட்டு இருக்கின்றன. பின்னாளில் நாணயச்சாலை ஊழியர் சிலர் சேகரிப்பவர்களுக்கென்று திருட்டுத்தனமாக மேலும் சில அடித்தார்கள். அவற்றுள் ஒன்று சுவிட்சர்லாந்தின் 1857ஆம் ஆண்டு வெள்ளிக் காசின் மேலேயே அடிக்கப்பட்டது, இப்போது ஸ்மித்சோனியனில் இருக்கிறது. மஸ்கட் சுல்தானுக்குரியது என்று கருதப்படும் டாலர் 2021 ஆகஸ்டில் 76,80,000 டாலருக்கு ஏலம் போயிற்று.

உங்கள் நகலில் அமெரிக்கச் சட்டப்படி இருக்க வேண்டிய 'நகல்' என்ற ஆங்கில முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்றவரிடம் திருப்பிக் கொடுக்க முயலுங்கள்.

பிளாஸ்டிக் பேழைக்குள் 'எம்எஸ் 64' என்று சீட்டு ஒட்டிய நாணயத்தை அப்படியே நம்பி வாங்கலாமா?
(ஒரு வாசகி, மதுரை)

வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய ஒரு சென்ட் செப்புக் காசுகளுக்காக 1949இல் வகுத்த ஒன்று முதல் எழுபது வரையிலான அளவுகோல் இது. எம்எஸ் என்பது புழங்காத நிலையைக் குறிக்கும் ஆங்கிலச் சுருக்கம். 60உம் அதற்கு மேலும் என்றால் புழங்காதது. 50 முதல் 58 வரை, மேடான இடங்களில் மட்டும் இலேசாகத் தேய்ந்தது. 40, 45 நல்ல நிலை. அதற்குக் கீழே போகப்போகத் தேய்மானம். பேழையில் அடைத்துச் சான்று தரும் இரு பெரிய நிறுவனங்களான பிசிஜிஎஸ் 1986இலும் என்ஜிசி 1987இலும் தொடங்கின. அவற்றின் சீட்டு எனக்கும் ஒரு துணைதான். ஆனால் பேழையையே போலி செய்கிறார்கள். சீட்டிலுள்ள எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டு, அங்கே வரும் படத்திலுள்ள கீறலும் கறையும் கையிலுள்ள காசில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு வணிகரிடம் 'புழங்காதது' என்று சொல்லக் கேட்டு ஒரு மோர்கன் வாங்கினேன். கடையின் வெள்ளை விளக்கில் அது தகதகத்தது. வீட்டில் மஞ்சள் விளக்கின் கீழ் சாய்த்தபோது, தேவியின் காதுக்கு மேலுள்ள முடிச்சுருள் மட்டும் ஒளியை வாங்காமல் மங்கலாக நின்றது. திருப்பினால் கழுகின் மார்பிலும் அதே மங்கல். தேய்மானம் முதலில் தொடும் இரண்டு இடங்கள் அவை. அது 58, 64 அல்ல. கொடுத்த பணம் 64க்கு உரியது.

பத்து சென்ட் காசைக் கொடுத்து ஒரு சிறுமி ஐஸ்கிரீம் வாங்கினாளாமே?
(ஒரு வாசகர், கோலாலம்பூர்)

1894இல் சான் பிரான்சிஸ்கோவில் 24 டைம்கள் மட்டுமே அடித்தார்கள். நாணயச்சாலைத் தலைவர் தம் மகளிடம் மூன்றைக் கொடுக்க, அவள் ஒன்றை வழியில் ஐஸ்கிரீமுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது கதை. காசு உண்மை. ஐஸ்கிரீமுக்குச் சான்று கிடையாது.

அமெரிக்காவில் இருக்கும் மகன் கொண்டுவந்த சில்லறையில் 1964, 1967 ஆண்டுக் கால் டாலர்கள் உள்ளன. வெள்ளியா?
(ஒரு வாசகர், தஞ்சாவூர்)

1964 வெள்ளி, 1967 அல்ல. விளிம்பைப் பாருங்கள்: செம்புக் கோடு தெரிந்தால் வெள்ளி இல்லை. அரை டாலரில் மட்டும் 1970 வரை நாற்பது விழுக்காடு வெள்ளி இருந்தது.

பூர்விக வீட்டில் கிடைத்த 1878 வணிக டாலரை மகளுக்காக அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லலாமா?
(ஒரு வாசகர், தேவகோட்டை)

நூறாண்டு கடந்த நாணயம் எதுவும் 1972ஆம் ஆண்டின் இந்தியச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதற்கு அச்சட்டம் இடம் தருவதில்லை. அமெரிக்க நாணயந்தானே என்று எண்ணிப் பெட்டியில் போட்டுவிட வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்ட பின் முடிவு செய்யுங்கள்.

என்னிடம் 1895 பிலடெல்பியா மோர்கன் இருக்கிறது. படம் இணைத்துள்ளேன். மோர்கன்களின் அரசன் இதுதானே?
(ஒரு வாசகர், சேலம்)

அரசன் என்று அழைக்கப்படுவது அதுதான். 1895இல் பிலடெல்பியாவில் புழக்கத்துக்கு 12,000 அடித்ததாகப் பழைய ஏட்டில் இருக்கிறது. ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட எவரும் கண்டதில்லை. சேகரிப்பவர்களுக்காகக் கண்ணாடிப் பளபளப்புடன் தனியே அடித்த 880 மட்டுமே கைமாறி வருகின்றன. ஆகவே 1895 என்று பொறித்து, நாணயச்சாலைக் குறியே இல்லாமல், புழங்கித் தேய்ந்த ஒரு டாலர் வந்தால், நியூ ஆர்லியன்ஸின் ஓ எழுத்தையோ சான் பிரான்சிஸ்கோவின் எஸ் எழுத்தையோ சுரண்டி எடுத்திருக்கிறார்கள் என்றே முதலில் ஐயுற வேண்டும். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களும் தலைப்பக்கத்தையே காட்டுகின்றன. பூப்பக்கத்தைத் திருப்பி, மாலையின் முடிச்சுக்குக் கீழே, டாலர் என்ற சொல்லின் மேலுள்ள வெற்றிடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் நெருங்கி எடுத்து அனுப்புங்கள். அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட வழவழப்பாகவோ குழிந்தோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.